பறவைகளுக்காகக் காத்திருந்தவர்: லோக் வான் தோ

‘கேத்தே’ என்ற பெயரைக் கேட்டால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள பெரியவர்களுக்குத் திரையரங்குதான் நினைவுக்கு வரும். அந்த நிறுவனத்தை வளர்த்து, ஊர் ஊராகத் திரையரங்குகளை நிறுவியவர் லோக் வான் தோ. பெரும் செல்வர். குளிரூட்டப்பட்ட அரங்கில் மெத்தை நாற்காலியில் அமர்ந்து படம் பார்க்கும் வசதியை மக்களுக்குக் கொடுத்தவர். ஆனால், அவரோ தமக்குக் கிடைத்த ஓய்வு நாள்களை, காற்றுப் புகாத சிறு துணிக்கூடாரத்துக்குள் வியர்வையில் நனைந்தபடி கழித்தார். ஒரு பறவை தன் கூட்டுக்குத் திரும்பி வரும் அந்த ஒரு நொடிக்காக அவர் மணிக்கணக்கில் காத்திருந்தார்.

லோக் வான் தோ 1915ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் கோலாலம்பூரில் பிறந்தார். தந்தை லோக் யூ, சீனாவிலிருந்து சிறுவனாக, வெறுங்கையோடு மலாயாவுக்கு வந்தவர். ஈயச் சுரங்கத் தொழிலிலும் ரப்பர்த் தோட்டத்திலும் உழைத்து மலாயாவின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவராக உயர்ந்தார். கோலாலம்பூரில் உள்ள ஜாலான் லோக் யூ அவர் பெயரைத் தாங்கிய சாலைதான். மகனுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே, 1917இல், தந்தை மறைந்தார். அதன்பின் மகனை வளர்த்து ஆளாக்கியவர் தாயார் லிம் செங் கிம். தொழில் நுணுக்கம் அறிந்த, துணிவு மிக்க பெண்மணி அவர். கணவரின் பெயரால் ‘திருமதி லோக் யூ’ என்றே ஊரார் அவரை அழைத்தனர்.

சிறுவயதில் லோக் வான் தோ அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அவரை, 1929இல் தாயார் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே, ஏரிக்கரையில் அமைந்த மோந்த்ரோ நகரில் அவருடைய பள்ளிப் படிப்பு தொடர்ந்தது. மலைக்காற்று உடலைத் தேற்றியது. நோஞ்சானாக வந்த பையன் நீளம் தாண்டும் போட்டியில் வெற்றி பெறும் அளவுக்கு வலுப்பெற்றான். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் பயின்று 1936இல் பட்டம் பெற்றார்.

அவர் வெளிநாட்டில் படித்த காலத்திலேயே தாயார் திரையரங்குத் தொழிலில் காலடி வைத்திருந்தார். சிங்கப்பூரின் ஹேண்டி சாலை அருகே எழுந்த கேத்தே கட்டடம் அந்த முயற்சியின் விளைவு. அதில் இருந்த திரையரங்கு 1939 அக்டோபரில் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் குளிர்சாதனத் திரையரங்கு அதுவே. வெயிலில் வாடிய மக்களுக்குப் படத்தைவிட அந்தக் குளிர்ச்சியே பெரிய அதிசயமாக இருந்திருக்கும்.

திரையரங்கு திறந்து இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை, போர் வாசலுக்கு வந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் சிங்கப்பூரை நெருங்கின. கிடைத்த கப்பலில் ஏறி மக்கள் தப்பி ஓடினர். லோக் வான் தோ ஏறிய கப்பலின் பெயர் நோரா மோலர். பிப்ரவரி 13ஆம் நாள், சுமத்திராவுக்கு அருகில் உள்ள பங்கா நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. கப்பல் தீப்பற்றி எரிந்தது. பலர் உயிரிழந்தனர். உயிர் தப்பியவர்களை ஹோபார்ட் என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் மீட்டது. அவர்களுள் 26 வயது லோக் வான் தோவும் ஒருவர்.

அவருடைய உடலில் கடுமையான தீக்காயங்கள். அதைவிடக் கொடியது, அவருடைய கண்பார்வை போயிருந்தது. இன்றைய ஜக்கார்த்தாவான பத்தேவியாவின் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். கண் திரும்புமா, திரும்பாதா என்று தெரியாத இருட்டில் படுத்திருந்த அந்த நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும்! வெளியே போர் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்தது ஜாவா என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பார்வை திரும்பியது. அவர் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பம்பாயில் அவருக்குக் கிடைத்த நட்புதான் அவருடைய மீதி வாழ்க்கையின் போக்கை மாற்றியது. அந்த நண்பர் சலீம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் தன்னிகரற்றவர் எனப் பின்னாளில் உலகம் போற்றிய அறிஞர். அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ என்னும் நூல் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1941இல், வெளிவந்திருந்தது. சலீம் அலிக்கும் அது துயரமான காலமே. அவருடைய மனைவி தெஹ்மினா 1939இல் இறந்துபோயிருந்தார். அந்தத் துயரிலிருந்து மீள அவர் பற்றிக்கொண்ட துணை பறவைகளே.

இருவருக்கும் பொருத்தம் என்று சொல்ல அதிகம் இல்லை. சலீம் அலி 45 வயதைக் கடந்தவர். லோக் வான் தோ அவரைவிட ஏறத்தாழ 19 ஆண்டு இளையவர். ஒருவர் பயணச் செலவில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிப்பவர், மற்றவர் கோடீசுவரர். ஒருவர் நாடு சொந்த மண். மற்றவர் போரால் துரத்தப்பட்டு வந்த விருந்தாளி. ஆயினும், விடியுமுன் எழுந்து நீர்நிலையை நோக்கி நடப்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். பறவையைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது, குரலை வைத்து இனம் பிரிப்பது, கண்டதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவற்றை லோக் வான் தோ இந்தியாவில் கற்றார். பார்வையை இழந்து திரும்பப் பெற்ற ஒருவருக்கு, உற்றுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர் கிடைத்தது நல்ல வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் பறவையை ஆராய்வது என்றால் பெரும்பாலும் அதைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, அருங்காட்சியகத்தில் வைப்பதே வழக்கம். சலீம் அலியும் அந்த முறையில் பயின்றவரே. சிறகின் நீளத்தையும் அலகின் அளவையும் துல்லியமாக அறிய வேறு வழி இல்லை. ஆனால், இறந்த பறவை குஞ்சுக்கு இரை ஊட்டுவதில்லை. வெயிலுக்குச் சிறகை விரிப்பதில்லை. அந்த வாழ்க்கையைப் பதிவு செய்யக் கேமராவால்தான் முடியும். லோக் வான் தோ தேர்ந்தெடுத்தது அந்த வழியை.

போர் முடிந்ததும் அவர் சிங்கப்பூருக்குத் திரும்பினார். பகலில் தொழில். சிதைந்து கிடந்த திரையரங்குகளைச் சீர்செய்தார், புதியவற்றைக் கட்டினார். 1953இல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் உருவானது. அது ஈஸ்ட் கோஸ்ட் பகுதியில் இருந்த படப்பிடிப்புக் கூடத்தில் மலாய்ப் படங்களைத் தயாரித்தது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கி 1957இல் வெளியான ‘பொந்தியானாக்’ என்ற பேய்ப்படம் அங்கு உருவானதுதான். ஹாங்காங்கிலும் அவருடைய நிறுவனம் படங்களை எடுத்தது. மலாயன் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தலைவர் பொறுப்பும் அவரிடம் வந்தது. இத்தனை வேலைகளுக்கும் இடையில் எப்படியோ பறவைகளுக்கு நேரம் ஒதுக்கிவிடுவார்.

அன்றைய சிங்கப்பூரின் கரைகள் இன்று நாம் காண்பவை அல்ல. ஜூரோங், கிராஞ்சி, சிராங்கூன் ஆகிய பகுதிகளில் ஆறு கடலோடு சேரும் இடமெல்லாம் அலையாத்திக் காடு அடர்ந்திருந்தது. கடல் வற்றும்போது பரந்த சேற்றுவெளி தலைகாட்டும். அந்தச் சேற்றில் புழுவும் நண்டும் சிப்பியும் ஏராளம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொடங்கி, சைபீரியா போன்ற வடதிசை நாடுகளிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். மார்ச், ஏப்ரல் வரை தங்கி, கொழுத்து, மீண்டும் வடக்கே பறக்கும். கொக்கு, நாரை, மீன்கொத்தி போன்றவை ஆண்டு முழுவதும் இருக்கும். மலாயாவின் மேற்குக் கரையிலும் இதே காட்சிதான்.

இத்தகைய பறவைகளைப் பார்ப்பது எளிது, படமெடுப்பது கடினம். திறந்தவெளியில் ஒரு மனிதர் நடந்து வந்தால், வெகு தொலைவிலேயே அவை எழுந்து பறந்துவிடும். அக்காலத்தில் தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் வில்லைகள் இன்றுபோல் ஆற்றல் கொண்டவை அல்ல. கேமரா கனமானது. ஒரு படம் எடுத்தவுடன் அடுத்த படச்சுருளையோ தகட்டையோ மாற்ற வேண்டும். ஒளி விளக்குக்குமிழ் ஒருமுறை மின்னினால் எரிந்துபோகும். எனவே பறவையிடம் நாம் போவதைவிட, பறவை நம்மிடம் வரும்வரை மறைந்திருப்பதே வழி.

அதற்குத்தான் மறைவிடம். நான்கு கம்பு, அவற்றைச் சுற்றி மங்கிய நிறத் துணி, கேமரா எட்டிப் பார்க்க ஒரு துளை. இதைக் கூட்டுக்குப் பக்கத்தில் திடீரென்று நட்டுவிடக் கூடாது. முதலில் தொலைவில் வைக்க வேண்டும். பறவை பழகியதும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்த்த வேண்டும். மறைவிடத்துக்குள் நுழைவதிலும் ஒரு தந்திரம் உண்டு. இருவர் சேர்ந்து நடந்து சென்று, ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் எல்லாருக்கும் தெரியும்படி திரும்பி நடப்பார். பறவை பெரும்பாலும் ஏமாந்துவிடும். ஆள் போய்விட்டார் என்று நம்பிக் கூட்டுக்குத் திரும்பும். உள்ளே இருப்பவருக்கோ சோதனை அப்போதுதான் தொடங்கும். நம் நாட்டு வெயிலில் துணிக்கூடாரம் அடுப்பாக மாறும். கொசு கடித்தாலும் அடிக்க முடியாது. வியர்வை கண்ணில் வழிந்தாலும் கையை உயர்த்த முடியாது. சற்றே அசைந்தால் பறவை போய்விடும். அரை நாள் உழைப்பும் அதோடு போய்விடும்.

வெப்ப நாடுகளில் இன்னொரு பெரிய சிக்கல் உண்டு. குளிர் நாட்டில் தாய்ப்பறவை முட்டைமீது அமர்வது சூடு கொடுப்பதற்காக. இங்கே, மணலிலும் பாறையிலும் திறந்தவெளியில் முட்டையிடும் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் நண்பகலில் முட்டைமீது நிற்பது நிழல் கொடுப்பதற்காக. சில பறவைகள் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரச் செய்வதும் உண்டு. அப்படிப்பட்ட தாயைக் கூட்டிலிருந்து விரட்டிவிட்டால், சிறிது நேரத்தில் முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகும். ஆகவே, பறவை திரும்பி வரத் தயங்கினால், படம் கிடைக்காவிட்டாலும் அங்கிருந்து விலகிவிடுவதே நல்ல படக்கலைஞரின் கடமை. ஒரு படம் எடுக்க எத்தனை முறை வெறுங்கையுடன் திரும்ப வேண்டியிருந்திருக்கும் என்பதைப் படத்தைப் பார்ப்பவர் அறியமாட்டார்.

நிறமும் ஒரு தொல்லை. அன்று பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே. வெண்கொக்கின்மீது உச்சி வெயில் பட்டால், இறகின் நுண்கோடுகள் மறைந்து படத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஒளி குறைந்தாலோ, இலைகளின் நிழலும் பறவையின் நிழலும் ஒன்றாகிவிடும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை வெயில் சாய்ந்த பின்னும் கிடைக்கும் மென்மையான ஒளியே ஏற்றது. அந்த நேரத்தில் கடல் வற்றியும் இருக்க வேண்டும். பறவையும் வர வேண்டும். மூன்றும் ஒருசேர அமையும் நாள்கள் குறைவு.

லோக் வான் தோ படமெடுத்த பறவைகளுள் வெண்வயிற்றுக் கடற்கழுகும் ஒன்று. சிங்கப்பூர்க் கரையில் இன்றும் காணக்கூடிய பெரும் பறவை அது. சாம்பல் நிற முதுகு, பால்போன்ற வெள்ளை வயிறு. மீனையும் கடற்பாம்பையும் நீரின் மேற்பரப்பிலிருந்து நகத்தால் அள்ளிக்கொண்டு போகும். கரையோரத்தில் உள்ள மிக உயர்ந்த மரத்தின் கிளைப்பிரிவில் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டும். ஒரே கூட்டை ஆண்டுதோறும் பயன்படுத்தி, மேலும் மேலும் சுள்ளி சேர்க்கும். கூடு ஒரு கட்டில் அளவுக்குப் பெருத்துவிடும். முட்டை பொரிய ஏறத்தாழ 6 வாரம், குஞ்சு பறக்க அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல். இத்தகைய கூட்டைக் கீழிருந்து படமெடுத்தால் சுள்ளிதான் தெரியும். குஞ்சைக் காண வேண்டுமானால் மர உயரத்துக்குச் சாரம் கட்டி, உச்சியில் மறைவிடம் அமைக்க வேண்டும். ஆள் வேண்டும், மரம் வேண்டும், பணம் வேண்டும். காற்றடித்தால் சாரம் ஆடும். பணம் படைத்தவர் என்பது இங்கே அவருக்கு உதவியது உண்மையே. ஆனால், சாரத்தின் உச்சியில் அசையாமல் உட்காருவதற்குப் பணத்தால் ஆள் பிடிக்க முடியாது. அதை அவரே செய்தாக வேண்டும்.

சலீம் அலியுடன் நட்பு கடல் கடந்தும் தொடர்ந்தது. இருவரும் சேர்ந்து பல பயணங்கள் மேற்கொண்டனர். சலீம் அலிக்கும் நீர்ப்பறவைகள் உயிர். குஜராத்தின் கட்ச் உப்புச் சதுப்பில் 1945இல் அவர் பூநாரைகளின் மாபெரும் இனப்பெருக்கத் திடலைக் கண்டு, அங்கே ஏறத்தாழ 5 இலட்சம் பறவைகள் இருந்ததாகக் கணக்கிட்டார். அத்தகைய களப்பணிக்கு அரசின் உதவி மிகக் குறைவாகவே கிடைத்த காலம் அது. லோக் வான் தோ தம் நண்பரின் ஆராய்ச்சிக்குத் தாராளமாகக் கைகொடுத்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை ஆராய்ச்சி நிதி ஒன்று இருவர் பெயரையும் இணைத்துத் தாங்குகிறது. சலீம் அலி தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்று நூலில், இந்த நண்பருக்கென்று தனியாக ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்.

1957இல் லோக் வான் தோவின் பறவை நூல் இலண்டனில் வெளியானது. ‘பறவைகளின் கூட்டம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைக் கொண்ட அந்நூலில், அவரே எடுத்த படங்களும் அவற்றை எடுத்த அனுபவங்களும் இடம்பெற்றன. கேம்பிரிட்ஜில் இலக்கியம் படித்தது வீண்போகவில்லை. அடுத்த ஆண்டு, கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பற்றி மால்கம் மெக்டொனால்ட் எழுதிய நூலுக்கும் அவர் படங்கள் தந்தார். தென்கிழக்காசியாவில் பிரிட்டிஷ் அரசின் உயர் பதவியில் இருந்த மெக்டொனால்டும் பறவைப் பிரியர்தான். நூல்கள்மீது லோக் வான் தோவுக்கு இருந்த பற்று அவரை மற்றொரு பணிக்கும் இட்டுச் சென்றது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் நிறக் கட்டடத்தில் தேசிய நூலகம் 1960 நவம்பரில் திறக்கப்பட்டபோது, அதன் வாரியத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் அவரே.

1964 ஜூன் மாதத்தில் தைப்பே நகரில் ஆசியத் திரைப்பட விழா நடைபெற்றது. லோக் வான் தோ தம் மனைவி மேவிசுடன் அதில் கலந்துகொள்ளச் சென்றார். விழாவுக்கிடையே, தைச்சோங் பகுதியில் அப்போது வைக்கப்பட்டிருந்த அரண்மனை அருங்காட்சியகக் கலைப்பொருள்களைப் பார்க்கப் பிரதிநிதிகள் பலர் சென்றனர். ஜூன் 20ஆம் நாள் அவர்கள் தைப்பேக்குத் திரும்பிய விமானம், புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 57 பேரும் மாண்டனர். எரியும் கப்பலிலிருந்து உயிர் பிழைத்தவர், விமான நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர், விமான விபத்தில் மறைந்தார். 49ஆவது பிறந்தநாள் கடந்து ஆறு நாளே ஆகியிருந்தது.

மகனை இழந்த தாயார் அப்போதும் இருந்தார். ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பணியாற்றிய மருத்துவர் கிப்சன்-ஹில் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார். அவரும் சிங்கப்பூர்ப் பறவைகளை ஆராய்ந்தவர், படமெடுத்தவர். அவர் சேர்த்து வைத்திருந்த அரிய நூல்கள் விற்பனைக்கு வந்தன. திருமதி லோக் யூ அவற்றை வாங்கி, 1965இல், மகன் நினைவாகத் தேசிய நூலகத்துக்கு வழங்கினார். மலாயாவின் வரலாறு, கடல், படகு, உயிரினங்கள் எனப் பல பொருள்களில் அமைந்த அந்த நூல்கள் நூலகத்தின் அரிய தொகுப்பில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.